டேங்க் முதல் நாசில் வரை: பழைய எஞ்சினில் டீசல் தடைபடும் இடங்கள்

(விவசாயிகளும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பழைய டீசல் எஞ்சின் கிளம்ப மறுத்தால் முதல் பழி பம்பின் தலையில்தான் விழுகிறது. “பம்பு போயிடுச்சுண்ணே, கழட்டி அனுப்பிடலாம்” என்று ஒரு குரல் வரும். அரை மணி நேரத்தில் பைப்புகள் கழன்று, பம்பு சாக்குப் பைக்குள் ஏறி, டவுன் பஸ்ஸில் புறப்பட்டுவிடும். சில நாள் கழித்து, ஒரு போகத்து உரச் செலவை விழுங்கிவிட்டுத் திரும்பி வரும். மாட்டி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் பழையபடியே திணறி நிற்கும். கடைசியில் டேங்க் மூடியில் அடைபட்ட ஒரு காற்றுத் துளையோ, ஃபில்டர் கிண்ணத்தில் நசுங்கிய ஒரு ரப்பர் வளையமோ பிடிபடும்.

அவையோரே, இன்றைய பேச்சின் சாரம் ஒன்றுதான். டீசல் ஓடுகிற திசையிலேயே பழுதையும் தேட வேண்டும். டேங்கில் தொடங்கி நாசிலில் முடிக்க வேண்டும். அப்படிப் போகும்போது, காசே தேவைப்படாத சோதனைகள் முதலிலும் செலவு வைக்கும் சோதனைகள் கடைசியிலும் தாமாகவே வந்து அமைகின்றன. இந்த வரிசையைக் குலைப்பதால்தான் நல்ல பம்புகள் வீணாகப் பிரிக்கப்படுகின்றன.

எஞ்சின் எவ்வளவு டீசல் கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பரவலாக நிற்கும் கிர்லோஸ்கர் டிவி1 என்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 661 சிசி. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 5.2 கிலோவாட், அதாவது ஏழு குதிரைத்திறன் தரும். முழுச் சுமையில் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. நிமிடத்துக்கு 750 முறை. மணிக்கு 45,000 முறை. ஒன்றரை லிட்டரை 45,000 பங்காக்கினால் ஒரு பீய்ச்சலுக்குக் கிடைப்பது சுமார் 33 கன மில்லிமீட்டர். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் ஒரு துளிகூட இதைவிடப் பெரியது. அந்த அளவும், பிஸ்டன் உச்சிக்கு வர 23 டிகிரி இருக்கும்போது தொடங்கி, ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். நாசிலின் ஊசி எழும்புவதற்கே ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும்.

பம்புக்குள் இந்த வேலையைச் செய்யும் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையில் இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடி அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். அந்தச் சந்தை அடைக்க சீல் கிடையாது, ரிங் கிடையாது; ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய உலோகத்தின் துல்லியமே அடைப்பு. அதனால்தான் ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு ஜோடியின் பேரலில் போட முடியாது. அங்கே மசகும் டீசலே. அதில் கலந்து வரும் ஒரு மணல் துகள் என்ன செய்யும், ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

காற்றின் தொல்லை வேறு வகை. டீசல் ஏறக்குறைய அமுங்காது; காற்று அமுங்கும். பிளஞ்சர் ஒரு தள்ளலில் தள்ளுவது சொற்ப அளவு. குழாயில் சிறு குமிழி ஒன்று இருந்தாலே, அந்தத் தள்ளல் முழுவதையும் குமிழி சுருங்கியே வாங்கிக்கொள்ளும். அழுத்தம் 200 பாரை எட்டாது, ஊசி எழும்பாது, சிலிண்டருக்குள் ஒரு துளியும் போகாது. பம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் செத்துக் கிடப்பது இப்படித்தான்.

இந்தத் துளியை உள்ளே செலுத்தும் சிக்கல் ருடால்ஃப் டீசலையே திணறடித்தது. 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியபோது, எரிபொருளைத் தனியாகப் பீய்ச்சும் பம்பு அவரிடம் இல்லை. கம்ப்ரசரில் அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயை உள்ளே ஊதினார். அந்தக் கம்ப்ரசரின் எடையும் பருமனும் சேர்ந்து டீசல் எஞ்சினை நெடுங்காலம் தொழிற்சாலையிலும் கப்பலிலுமே கட்டிப்போட்டன. ராபர்ட் பாஷ் 1922-ல் டீசலுக்கென்று பம்பு உருவாக்கும் வேலையைத் தொடங்கி, 1927-ல் அதைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே டீசல் எஞ்சின் லாரியிலும் டிராக்டரிலும் பரவலாக ஏற வழி பிறந்தது. 1951-ல் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு, பாஷின் பம்பும் நாசிலும் இந்தியாவிலேயே, பெங்களூரில், தயாராயின. பம்பு என்றதும் நம்மூர் மெக்கானிக்குகள் வாயில் மைக்கோ என்ற பெயர் வருவது அந்த வரலாற்றின் மிச்சம்.

இன்று அலசப்போவது ஒரு மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சின். 1959 இறுதியில் இங்கிலாந்தில் மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரில் பெர்கின்ஸ் நிறுவனத்தின் 152 கன அங்குல, அதாவது இரண்டரை லிட்டர் எஞ்சின் ஏறியது. அடுத்த ஆண்டு மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரிக்கச் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த எஞ்சின் குடும்பத்தின் வாரிசுகளைச் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் தயாரித்தது. காவிரிப் படுகையிலும் கொங்கு நாட்டிலும் அந்த வழியில் வந்த டிராக்டர்கள் பல தலைமுறை கண்டவை. டீசல் அதில் போகும் பாதை இது: டேங்க், அதன் அடியில் டேப், கேம் ஷாஃப்ட் தட்டி இயக்கும் ஃபீட் பம்பு, ஃபில்டர், அங்கிருந்து சி.ஏ.வி. வகை ரோட்டரி பம்பு, மூன்று ஹை பிரஷர் பைப், நுனியில் நாசில் கொண்ட மூன்று இன்ஜெக்டர், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன். ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினில் ஃபீட் பம்பு இருக்காது. டேங்க் மேலே இருப்பதால் டீசல் தானாக இறங்கும். மற்றபடி தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது சைலன்சரைப் பார்க்க வேண்டும். துளிப் புகையும் வராவிட்டால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. தேட வேண்டியது டீசல் பாதையில்தான். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து, டீசல் வாடை கண்ணைக் கரித்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது கம்ப்ரஷன், டைமிங், நாசில் என்று கவனம் மாற வேண்டும். ஓடும்போது கரும்புகை கக்கி இழுவை இல்லாமல் இருந்தால் ஏர் ஃபில்டரை முதலில் பார்ப்பது நல்லது. காற்று போதாத எஞ்சினும் டீசல் அதிகமான எஞ்சினும் ஒரே மாதிரித்தான் புகைவிடும்.

அடுத்து ஸ்டாப் கேபிள். சிரிக்க வேண்டியதில்லை, எஞ்சினை நிறுத்த இழுத்த குமிழ் முழுக்க உள்ளே திரும்பாததால் கிளம்பாத டிராக்டர்கள் ஏராளம். கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால், குமிழ் உள்ளே போனாலும் பம்பின் பக்கத்து லீவர் நகராது. ஒருவர் குமிழை இயக்க, இன்னொருவர் பம்பின் லீவரைப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டாப்புக்கு சாலினாய்டு வைத்த வண்டியானால், சாவியைப் போட்டதும் ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இனி டேங்க். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விசித்திரமான பழுதுகள் பலவும் டேங்கில் பிறப்பவை. ஒரு டிராக்டர் காலையில் ஜம்மென்று கிளம்பி, உழவில் இறங்கிய அரை மணியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது. மீண்டும் நிற்கிறது. பலர் இதைச் சூட்டுக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்பு இழுக்க முடியாமல் தோற்கும். நின்றபின் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போனதும் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். எஞ்சின் திணறும் அந்த நொடியில் மூடியைத் திருகிப் பார்க்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் தெளிந்தால் பழுது பிடிபட்டுவிட்டது. செலவு, ஒரு ஊசியால் துளையைக் குத்திவிடுவது.

மூடி சரியாக இருந்தும் அதே கதை தொடர்ந்தால், டேங்கின் அடியிலுள்ள வாயில் ஏதோ ஒன்று வந்து ஒட்டுகிறது. பழைய தகர டேங்கில் உதிரும் துருச் செதில், டீசல் கேனின் மூடியிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் துண்டு, இலைச் சருகு என்று எதுவாகவும் இருக்கலாம். ஓட்டம் இருக்கும்போது இழுபட்டு வந்து வாயை மூடும். எஞ்சின் நின்றதும் விலகி மிதக்கும். அப்போது பைப்பைக் கழற்றிப் பார்த்தால் டீசல் தாராளமாகக் கொட்டி, பார்ப்பவரை ஏமாற்றும். ஆகவே பத்து நொடி கொட்டுகிறதா என்று பார்த்தால் போதாது. ஒரு பாத்திரத்தில் இரண்டு மூன்று லிட்டராவது இறங்கும் வரை, தாரை மெலிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிடித்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும். டேங்கைப் பாதி காலியாக விட்டு மழைக்காலம் முழுக்க நிறுத்திய வண்டியில் தண்ணீர் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஃபில்டரைத் திறந்ததும் பாசி போலக் கருஞ்சளி வழவழத்தால், புது ஃபில்டர் மட்டும் போட்டுப் பயனில்லை. டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்.

டேங்க் பக்கமா, எஞ்சின் பக்கமா என்று ஒரே வீச்சில் பிரித்துச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசலை ஒரு ஐந்து லிட்டர் கேனில் எடுத்து, எஞ்சினை விட உயரத்தில் கட்டி, ஒரு ஹோஸ் வழியாக நேரே ஃபில்டரின் நுழைவாயில் கொடுக்க வேண்டும். டேங்கும், டேப்பும், ஃபீட் பம்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். காற்றை எடுத்துவிட்டு ஓட்டினால் எஞ்சின் நன்றாக ஓடுகிறதா, பழுது கேனுக்குப் பின்னால் விட்டுவந்த பகுதியில் இருக்கிறது. மாற்றமே இல்லையா, பழுது முன்னால் இருக்கிறது. பாதி எஞ்சினை ஒதுக்கிவிடும் இந்தச் சோதனையை, பம்பைக் கழற்றும் முன் செய்யாதவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவது மேல்.

ஃபீட் பம்பில் கைலீவர் இருக்கும். அதை ஆட்டினால் டீசல் ஏற வேண்டும். லீவர் சும்மா தொளதொளவென்று ஆடினால் உடனே டயஃப்ரம் போய்விட்டது என்று சொல்லிவிடக் கூடாது. கேம் ஷாஃப்டின் மேடு அந்த நேரத்தில் பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் லீவருக்கு வேலை இராது. கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஆட்டினால் கைக்குப் பிடிமானம் கிடைக்கும். இது தெரியாமல் நல்ல ஃபீட் பம்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. உண்மையிலேயே டயஃப்ரம் கிழிந்திருந்தால் அதன் சாட்சி வேறிடத்தில் கிடைக்கும். டீசல் ஆயில் சம்ப்புக்குள் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அளவு கூடியிருக்கும், விரலில் தேய்த்தால் நீர்த்திருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வீசும். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டினால் பேரிங் போகும். ஆயிலை முழுக்க மாற்றிய பிறகே அடுத்த வேலை.

ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதியில் கசிவு இருந்தால், ஓடும்போது பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பைப் உலர்ந்து பளபளவென்று இருக்கும். ஆனால் எஞ்சின் ‘ஏர் எடுக்கும்’. ஃபீட் பம்புக்குப் பின்னால் கசிந்தால் ஈரம் தெரியும். இந்த வேறுபாட்டை மனதில் வைக்காதவர்கள் ஈரத்தைத் தேடி அலைந்து, காய்ந்த இடத்தில் இருக்கும் ஓட்டையைத் தவறவிடுகிறார்கள். ஃபில்டருக்குப் போகும் வழியில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸை மாட்டி ஓடவிட்டால் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். பிறகு டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக இறுக்கிக்கொண்டு போனால், குமிழி எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ஃபில்டர் மாற்றுவது எளிய வேலை என்பதாலேயே அலட்சியமாகச் செய்யப்படுகிறது. பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் தலையின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புது வளையத்தை வைத்து இறுக்கினால் அன்றிலிருந்து ஏர் பிரச்சினை. பஞ்சோ போல்டின் செப்பு வாஷரைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஓட்டுவதும் அப்படித்தான். வாஷரின் விலையைப் பார்த்து மிச்சம் பிடிக்க இது இடமில்லை. புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கமும் தப்பு. அது வடிகட்டாத டீசல். ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் விழும் தூசி நேரே பம்புக்குத்தான் போகும்.

இதற்கெல்லாம் பிறகு ஏர் எடுப்பது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. வரிசை முக்கியம். ஃபில்டர் தலையிலுள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைலீவரை ஆட்டி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அடுத்து ரோட்டரி பம்பில் இரண்டு இடம்: ஹைட்ராலிக் ஹெட்டின் பக்கவாட்டு ஸ்க்ரூ, அதற்கு மேலே கவர்னர் உறையின் ஸ்க்ரூ. கவர்னர் உறையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தால் எஞ்சின் கிளம்பி இரண்டு நிமிடம் ஓடி அணையும். கடைசியாக, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, இன்ஜெக்டர் பக்கம் இரண்டு பைப்பின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரை அடிக்க வேண்டும். டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் இறுக்கினால் எஞ்சின் பிடிக்கும். ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் இடைவெளி விட வேண்டும். பேட்டரி தளர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ரோட்டரி பம்பு போதிய அளவு தராது. டீசல் கோளாறு என்று பேர் வாங்கும் சில வண்டிகளுக்கு வேண்டியது சார்ஜ் ஏறிய பேட்டரிதான். அவசரத்தில் காற்று நுழைவாயில் பெட்ரோல் துணியைக் காட்டுவதும் ஈதர் அடிப்பதும் பிஸ்டனை உடைக்கும் வேலைகள்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் மிஸ் ஆகிறது என்றால் எந்தச் சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். ஐடிலில் விட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டாக அரைச் சுற்றுத் தளர்த்தி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் சட்டென்று விழும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் நாசிலை அடுத்த சிலிண்டரில் மாற்றிப் போட்டால், பழுது நாசிலோடு இடம் மாறுகிறதா, இல்லை அதே சிலிண்டரில் தங்குகிறதா என்பது தெரியும். இடம் மாறினால் நாசில். தங்கினால் பம்பின் பக்கமோ கம்ப்ரஷனோ.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாசிலின் பீய்ச்சலையும் பைப்பின் வெடிப்பையும் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி மட்டும்தான். முதல் சில மணி நேரம் வலியும் பெரிதாக இராது. உள்ளே டீசல் தசைநார்களின் உறை வழியாகப் பரவி, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, சதையை அழுகவைக்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். புள்ளி சிறியது என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் கையை இழக்கிறார்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நாசிலைக் கழற்றிச் சோதனை பம்பில் மாட்டினால் அது பேசும். நல்ல நாசில், குறித்த அழுத்தத்தில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, மெல்லிய பனிப்புகையாகப் பீய்ச்சி, சட்டென்று நிறுத்தும். நுனி காய்ந்திருக்கும். கெட்ட நாசில் ஒரு பக்கமாகத் தாரையடிக்கும், அல்லது நின்ற பிறகும் நுனியில் சொட்டும். அந்தச் சொட்டு முழுதாக எரியாமல் கரும்புகையாகிறது, நாளடைவில் பிஸ்டன் தலையைத் தின்கிறது. திரும்ப மாட்டும்போது குழிக்குள் பழைய செப்பு வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாஷர் மேல் உட்கார்ந்த நாசில் உயர்ந்து நிற்கும். பீய்ச்சல் பிஸ்டன் குழிக்குச் சரியாகப் போகாது.

டீசலே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 டீசலில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குதான். நுரையீரலுக்கு இது பெரிய நன்மை. ஆனால் கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக இருந்த மசகுப் பொருள்களையும் சேர்த்து நீக்குகிறது. 1991-ல் ஸ்வீடன் இவ்வளவு குறைந்த கந்தக டீசலைக் கொண்டுவந்தபோது, டீசலை மட்டுமே மசகாக நம்பிய ரோட்டரி பம்புகள் தேய்ந்து போயின. மசகுக்கான சேர்மானத்தை ஆலையிலேயே கலந்த பிறகுதான் அது அடங்கியது. 1993 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் புதிய டீசல் வந்தபோது வேறொன்று நடந்தது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கி, பம்புகள் ஒழுகத் தொடங்கின. இந்திய பி.எஸ்.6 டீசலுக்கும் மசகுத் தரம் விதிக்கப்பட்டிருக்கிறது; எஃகுக் குண்டைத் தேய்த்துப் பார்க்கும் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. ஆகவே பங்க்கில் வாங்கும் நேர்மையான டீசலைக் கண்டு பழைய எஞ்சின்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மண்ணெண்ணெய்க் கலப்படத்துக்கு. அது டீசலை நீர்க்கவைத்து மசகைக் கொல்லும். ஒழுகும் பழைய பம்பைச் சர்வீஸ் செய்யும்போது சீல்களை விட்டான் ரப்பர் வகைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது பலனளிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பம்புக்கு வரலாம். பம்பு எப்போதும் நிரபராதி அல்ல. காலைக் குளிரில் சுலபமாகக் கிளம்பி, சூடான பின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும் எஞ்சினில், ரோட்டரின் சந்து தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் டீசல் நீர்த்து, ஸ்டார்ட்டர் சுற்றும் குறைந்த வேகத்தில் அந்தச் சந்து வழியாகவே வழிந்துவிடுகிறது. நின்ற எஞ்சினின் பம்பு மேல் ஈரத் துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். கிளம்பினால் தேய்மானம் ஏறக்குறைய உறுதி. ஓடும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது. உறை சுருங்கி ரோட்டர் இறுகிவிடும். நெடுநாள் நிறுத்திய வண்டியில் வேகம் ஏறி இறங்கி அலைந்தால், பிசினாகக் காய்ந்த பழைய டீசலில், டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம்.

அப்படிப் பம்பைக் கழற்றியே ஆக வேண்டிய நாளில், கழற்றுவதற்கு முன் பம்பின் ஃபிளாஞ்சிலும் எஞ்சினிலும் உள்ள குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். டைமிங் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினில் பம்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எத்தனை என்று எண்ணி, ஒன்றாகக் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். ஒரு தகடு கூடினாலும் குறைந்தாலும் அந்த 23 டிகிரி நகர்ந்துவிடும். திறந்த பைப் வாய்களைக் கந்தல் துணியால் அடைத்தால் நூல் உள்ளே போகும், பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். பம்புக் கடையில் கொடுக்கும்போது எஞ்சினின் மாடலையும் பம்பின் தகட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்து, டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொரு லைனும் தந்த அளவைக் குறித்த சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று லைனின் அளவும் ஒத்திருக்கிறதா என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். பம்பு திரும்பி வந்து, மாட்டி, ஏர் எடுத்து ஓட்டிய முதல் நாள் மாலையில் எல்லா நட்டையும் ஒரு முறை துடைத்துப் பார்த்து, மறுநாள் காலையில் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை வயலுக்கு அனுப்பலாம்.